மாநகர முதல்வர் தேர்தலும் தொலைக்காட்சி விவாதமும்: கொட்டகலையிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள், கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் மக்கள் தமக்கெனப் புதிதாக அமைக்கப்பட்ட ஒரு பிரதேச சபைக்கு முதன்முறையாக வாக்களித்தனர். அதுவரை நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரும் பிரதேச சபைகளுள் அடங்கியிருந்த பரப்பு ஆறாகப் பகுக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என நான்கு சபைகள் புதியனவாகத் தோன்றின. தேர்தல் மேடைகளில் வழக்கம்போலத் தோட்டப் பாதையும் குடிநீரும் தெருவிளக்கும் பேசப்பட்டன. ஆயின் அன்று நடைமுறையிலிருந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்கு அச்சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாக விளங்கிற்று. அப்பிரிவைத் திருத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் அதே ஆண்டு செப்டெம்பரிலேயே நிறைவேற்றியது. அதாவது, எந்தப் பாதையைச் சபை செப்பனிட்டுத் தரும் என்று நம்பி மக்கள் பெப்ரவரியில் வாக்களித்தனரோ, அந்தப் பாதையிற் சபையின் பணத்தைச் செலவிட அன்று சட்டம் இடந்தரவில்லை.

“நீங்கள் கூறுவதைச் செய்வதற்கு இந்தச் சபைக்கு அதிகாரம் உண்டா?” என்பது எளிய கேள்வி. எனினும் போட்டியிடுவோர் அனைவரையும் ஒருங்கே இருத்தி, வாக்காளர் அனைவரும் காணவும் கேட்கவும் அக்கேள்வியை எழுப்புவதற்கு எம்மிடையே ஓர் அரங்கு இருக்கவில்லை. மேலைநாட்டு மாநகரங்கள் சிலவற்றில் முதல்வர் பதவிக்குப் போட்டியிடுவோர் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதிப்பது அத்தகைய அரங்காக வளர்ந்துள்ளது. அவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, எவ்விதிகளால் இயங்குகிறது, எவ்விடங்களிற் பயன்தருகிறது, எவ்விடங்களில் வெறுங்காட்சியாகிறது என்பனவற்றை நோக்கி, மலையக உள்ளூராட்சிக்கு அதிலிருந்து பெறக்கூடியது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரையும் விவாதமும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வேட்பாளர் ஒருவர் தனித்து நின்று பேசுவது உரை. அங்கே கேள்வியும் அவருடையது, விடையும் அவருடையது. தமக்கு இடர்தரும் பொருளை அவர் தொடாமலே விட்டுவிடலாம். விவாதத்தில் மூன்று கூறுகள் உள்ளன. பேசுபவரின் கூற்றை உடனே மறுக்கும் உரிமை பெற்ற எதிர்த்தரப்பார் ஒருவர். இரு தரப்பாரும் தேர்ந்தெடாத கேள்விகளை முன்வைக்கும் நடுவர். இருவரையும் ஒரே வேளையில் ஒப்புநோக்கும் அவை. இம்மூன்றில் ஒன்று குறையினும் அது விவாதமாகாது.

இவ்வடிவம் எமக்கு அந்நியமானதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலையிலேயே பயின்று வருவது. அக்காப்பியத் தலைவி வஞ்சி நகரிற் பல்வேறு சமயக் கணக்கரின் கொள்கைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்த பின்னரே தன் நெறியைத் துணிகிறாள். காமன் பண்டிகையை ஒட்டிய லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து பாட்டாலே வாதிடுவது தமிழ்நாட்டு ஊர்களின் வழக்கு. அப்பண்டிகைக்குரிய காமன் கூத்து மலையகத் தோட்டங்களில் இன்றும் ஆடப்படுகிறது. இலங்கையின் பொதுவாழ்வை நோக்கின், 1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம், 28ஆம் நாள்களில் மிகெட்டுவத்தை குணானந்த தேரருக்கும் கிறிஸ்தவ போதகர்களுக்குமிடையே நிகழ்ந்த பாணந்துறை விவாதத்தைக் கேட்கப் பெருந்திரளான மக்கள் கூடினர். அதன் அச்சிட்ட அறிக்கைகள் கடல் கடந்தும் பரவின. வாதத்தைக் கேட்டு முடிவுசெய்யும் ஆற்றல் எமது பொதுமக்களுக்கு இல்லை என்பாரின் கூற்று இவற்றால் வலுவிழக்கிறது. எம்மிடம் இல்லாதது, ஆட்சிப் பதவி நாடுவோரை அவ்வாறு அவைக்கு அழைத்துவரும் ஏற்பாடு மட்டுமே.

தொலைக்காட்சி விவாதத்தின் தோற்றம்

1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் சிக்காகோ நகரின் தொலைக்காட்சி நிலையமொன்றில் எதிர்கொண்டனர். ஒவ்வொருவருக்கும் தொடக்கவுரைக்கு 8 நிமிடங்கள் அளிக்கப்பட்டன, பத்திரிகையாளர் வினவினர், ஏறத்தாழ 7 கோடி மக்கள் கண்டனர். அவ்விவாதத்தை வானொலியிற் கேட்டோர் நிக்சனே வென்றார் என்றும், தொலைக்காட்சியிற் கண்டோர் கென்னடியே வென்றார் என்றும் கருதினர் எனப் பல நூல்கள் கூறும். ஆனால் அக்கூற்று ஒரு நிறுவனத்தின் சிறியதொரு கணிப்பையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது என்பதும், வானொலி கேட்டோர் முன்னரே எக்கட்சிச் சார்பினர் என்பது அதிற் கருத்திற் கொள்ளப்படவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. தோற்றப் பொலிவே வாக்கைத் தீர்மானிக்கிறது என்னும் முடிவை இவ்வளவு மெல்லிய அடித்தளத்தின்மீது கட்டுதல் ஆய்வுநெறியாகாது.

இதனினும் ஆழ்ந்து நோக்கற்பாலது, அதன்பின் நேர்ந்த பதினாறாண்டு மௌனமாகும். 1964, 1968, 1972 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஜனாதிபதி வேட்பாளரிடையே விவாதம் நடைபெறவில்லை. 1934ஆம் ஆண்டின் தொடர்பாடற் சட்டம், ஒரு வேட்பாளருக்கு நேரம் அளிக்கும் நிலையம் ஏனைய எல்லா வேட்பாளருக்கும் சமநேரம் அளிக்கவேண்டும் என விதித்தது. 1960இல் அவ்விதி தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டதனாலேயே இருவர் மட்டும் விவாதிக்க முடிந்தது. பின்னர், வெற்றி வாய்ப்பு மிக்கவராகத் தம்மைக் கருதிய தலைவர்களுக்கு அவ்விதி தட்டிக்கழிப்பதற்கு வாய்ப்பான காரணமாயிற்று. வெளியார் நடத்தும் விவாதத்தைச் செய்தி நிகழ்ச்சியாகக் கொண்டு ஒளிபரப்பலாம் என 1975இல் விதி தளர்த்தப்பட்ட பின்னரே, 1976இல் மகளிர் வாக்காளர் சங்கத்தின் ஆதரவில் விவாதம் மீண்டது. ஆனால் 1988இல் அச்சங்கமே விலகிக்கொண்டது. கேள்வி கேட்போர் யார், அவையில் அமர்வோர் யார் என்பன வரை இரு கட்சிகளின் பிரசாரக் குழுக்களும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டமையே அதற்குக் காரணமாயிற்று.

இவ்வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகிறது. முன்னிலையில் நிற்பவர் தாமாக விவாதத்துக்கு வரமாட்டார். அவரை வரச்செய்ய விதி வேண்டும். வந்தபின், விவாதத்தின் விதிகளைத் தாமே எழுத முற்படுவர். அதனைத் தடுக்கக் கட்சி சாராத அமைப்பு வேண்டும்.

நகர முதல்வர் தேர்தலில் விவாதம்

நகர ஆட்சியில் இவ்வேற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு நியூ யோர்க் நகரம் தக்க எடுத்துக்காட்டாகும். அங்கே 1988இல் நிறுவப்பட்ட தேர்தல் நிதிச் சபை, சிறுதொகை நன்கொடை திரட்டும் வேட்பாளருக்கு நகரப் பொதுநிதியிலிருந்து ஈட்டுத்தொகை வழங்குகிறது. நகரவாசி ஒருவர் வழங்கும் நன்கொடையின் முதற்பகுதிக்கு, ஒரு டொலருக்கு எட்டு டொலர் என்னும் விகிதத்தில் அண்மைத் தேர்தல்களில் அது வழங்கப்பட்டது. முதல்வர் போன்ற நகரளாவிய பதவிகளுக்கு இந்நிதியைப் பெற்றுப் போட்டியிட்டு, உரிய தகைமைகளையும் நிறைவுசெய்வோர் விவாதத்திற் பங்குபற்றுதல் 1990களின் பிற்பகுதியிலிருந்து சட்டக் கடப்பாடாக உள்ளது. பொதுமக்கள் பணத்தைப் பெறுபவர் பொதுமக்கள் கேள்விக்கு விடையளித்தே ஆகவேண்டும் என்பது இதன் அடிப்படை.

2025ஆம் ஆண்டுத் தேர்தலில் சோரான் மம்தானி, அன்ட்ரூ குவோமோ, கேர்ட்டிஸ் சிலீவா ஆகிய மூவரும் ஒக்டோபர் 16ஆம், 22ஆம் நாள்களில் விவாதித்தனர். முதலாம் விவாதத்தை நடத்துவதில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையமொன்றும் பங்குகொண்டது. குடியேறிய மக்கள் மிக்க நகரில் மொழியும் விவாத ஏற்பாட்டின் ஒரு கூறு என்பதை இது காட்டும். நவம்பர் 4ஆம் நாள் நடைபெற்ற வாக்கெடுப்பில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 1969க்குப் பின் அந்நகர முதல்வர் தேர்தலில் அத்தொகை எட்டப்பட்டது அதுவே முதன்முறை. மம்தானி வெற்றிபெற்றார்.

அத்தேர்தலில் எழுந்த இரு பிரச்சினைகள் எமது ஆய்வுக்கு மிகவும் பயனுடையன. வாடகை உயர்வை நிறுத்துவதும் பேருந்துப் பயணத்தைக் கட்டணமின்றி ஆக்குவதும் மம்தானியின் தலையாய வாக்குறுதிகள். இவை இரண்டும் வாக்காளருக்கு ஒன்றுபோலத் தோன்றினும் அதிகார நிலையில் வேறுபட்டவை. கட்டுப்பாட்டுக்குட்பட்ட வீடுகளின் வாடகை உயர்வை விதிக்கும் சபையின் உறுப்பினரை முதல்வரே நியமிக்கிறார். ஆதலின் முன்னையது பெருமளவு அவர் கைக்கு எட்டியது. பேருந்துகளை நடத்துவதோ மாநில அரசின் ஆதிக்கத்துக்குட்பட்ட போக்குவரத்து அதிகாரசபை. ஆதலின் பின்னையதற்கு மாநிலத்தின் இணக்கமும் பணமும் வேண்டும். முன்னர் மாநில ஆளுநராயிருந்த குவோமோ ஒருபுறமும், மாநிலச் சட்டமன்ற உறுப்பினரான மம்தானி மறுபுறமும் நிற்க, ‘இது முதல்வரால் இயலுமா’ என்னும் கேள்வி தேர்தலின் நடுப்பொருள்களுள் ஒன்றாயிற்று. நகர விவாதத்தின் சிறந்த பயன் இதுவே என்பது எமது கருத்து. எவர் சிறந்த பேச்சாளர் என்பதைக் காட்டுவதினும், அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை வாக்காளருக்குக் காட்டுவதே அதன் தலையாய பணி.

அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நடைபெற்ற கட்சியின் உட்தேர்தல் விவாதத்தில் இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. முதல்வரானால் முதலில் எந்நாட்டுக்குச் செல்வீர் என நடுவர் வேட்பாளரை வினவினர். பலர் தூரதேசங்களின் பெயர்களைக் கூற, மம்தானி தாம் நகரத்திலேயே தங்கி நகரமக்களை நாடப்போவதாகக் கூறினார். குப்பையும் வாடகையும் பள்ளியும் கவனிக்கவேண்டிய ஒருவரிடம் கேட்கப்பட்ட அக்கேள்வி, நடுவரின் தெரிவே விவாதத்தைத் திசைதிருப்ப வல்லது என்பதற்குச் சான்றாகும்.

யாரை அழைப்பது என்பதும் எளிதில் தீரும் சிக்கலன்று. ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழும் ரொறன்ரோ மாநகரில், 2023 ஜூன் 26ஆம் நாள் நடைபெற்ற முதல்வர் இடைத்தேர்தலில் 102 பேர் போட்டியிட்டனர். ஒலிவியா சௌ வெற்றிபெற்றார். முக்கிய விவாத மேடைகளில் இடம்பெற்றோர் ஏறத்தாழ அரைப்பத்துப்பேரே. அனைவரையும் அழைப்பின் விவாதம் நிகழாது. சிலரை மட்டும் அழைப்பின், கருத்துக்கணிப்பில் முன்னிற்போரும் பணமுடையோருமே மேலும் முன்னிறுத்தப்படுவர். தகைமை எல்லையை முன்கூட்டியே வகுத்து வெளியிடுவதன்றி இதற்கு முற்றான தீர்வு இல்லை.

இலங்கையின் அனுபவம்

இலங்கையில் ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பிரதான பரப்பு நிலையம் 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலை மலையுச்சியில் அமைந்தது. நாடெங்கும் படங்களை அனுப்பிய கோபுரம் தேயிலைத் தோட்டங்களின் தலைக்குமேலேதான் நின்றது. எனினும் அக்காலத்தில் லயங்களிற் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் எட்டியிருக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் நடைபெற்ற முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் ஆறு வேட்பாளர் போட்டியிட்டனர். அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. ஆளுங்கட்சியின் குரலே ஓங்கிய ஊடகத்தில் இடதுசாரி வேட்பாளரின் குரலும் வீட்டுக்குள் வந்தமை அன்று புதுமை. ஆயினும் மேலே வகுத்த பொருளில் அவை உரைகளே, விவாதம் அல்ல. 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் 35 பேர் போட்டியிட்டபோது, தனியுரைக்குச் சமநேரம் என்னும் நெறி எவ்வளவு பயனற்றதாகலாம் என்பதும் புலனாயிற்று.

தனியார் தொலைக்காட்சியின் வருகையோடு அரசியல் விவாதம் நாளாந்த நிகழ்ச்சியாயிற்று. சிங்களத்தில் தெரண தொலைக்காட்சியின் ‘வாத பிட்டிய’, தமிழிற் சக்தி தொலைக்காட்சியின் ‘மின்னல்’ என்பன பலரும் அறிந்தவை. ‘மின்னல்’ நிகழ்ச்சியின் நெறியாளராய் விளங்கிய ஜெ. ஸ்ரீரங்கா 2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானமை மலையக அரசியல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்க செய்தியாகும். கேள்வி கேட்கும் இருக்கையும் அரசியல் வலிமையின் இருக்கையே என்பதை அது காட்டிற்று. தொழிற்சங்கத்தின் வழியாக அன்றித் திரையின் வழியாகவும் தோட்டமக்களிடம் செல்லலாம் என்னும் புதிய நிலையும் அதனால் உறுதியாயிற்று. ஆனால் இந்நிகழ்ச்சிகள் எவற்றுக்கும் வேட்பாளர் வந்தே ஆகவேண்டும் என்னும் கடப்பாடு இல்லை. விரும்பியவர் வருவார், இடர் உண்டெனக் கண்டவர் வாரார்.

2024ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச ஆகியோரின் கட்சிகள் நேரடி விவாதத்துக்கென நாள்களைக் குறித்துப் பலகாலம் கடிதம் பரிமாறிக்கொண்டன. அவ்விருவரின் விவாதம் நடைபெறவேயில்லை. வரச்செய்யும் விதி இல்லாதவிடத்து நேர்வது இதுவே.

எவரோடு எவர் விவாதிப்பது?

உள்ளூராட்சியில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. நியூ யோர்க்கிலும் ரொறன்ரோவிலும் வாக்காளர் முதல்வரையே பெயர் சுட்டித் தெரிவுசெய்கின்றனர். இலங்கையில் 2018 முதல் நடைமுறையிலுள்ள கலப்பு முறையில், உறுப்பினருள் நூற்றுக்கு 60 பேர் வட்டாரங்களிலிருந்தும் 40 பேர் பட்டியல்களிலிருந்தும் வருகின்றனர். எக்கட்சிக்கும் பாதி ஆசனம் கிட்டாதவிடத்து முதல்வரையோ தவிசாளரையோ உறுப்பினரே வாக்களித்துத் தெரிவர். 2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. 117 உறுப்பினரைக் கொண்ட கொழும்பு மாநகர சபையில் தேசிய மக்கள் சக்தி 48 ஆசனங்களைப் பெற்றது. ஜூன் 16ஆம் நாள் உறுப்பினரிடையே நடைபெற்ற இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்னும் கணக்கில் விராய் கெலி பல்தசார் முதல்வரானார். தலைநகரின் முதல்வர் யார் என்னும் இறுதிக் கேள்வி, மக்கள் வாக்களித்து ஆறு வாரங்களின் பின், அவர்கள் காணாத வாக்குச்சீட்டுகளால் முடிவாயிற்று.

சென்னையின் வரலாறும் இவ்வாறே அலைந்துள்ளது. 1996இல் மு. க. ஸ்டாலின் மக்களால் நேரடியாக மாநகரத் தந்தையாகத் தெரிவுசெய்யப்பட்டார். 2006இல் மறைமுகத் தெரிவும், 2011இல் மீண்டும் நேரடித் தெரிவும் நிகழ்ந்தன. 2022இல் ஆர். பிரியா உறுப்பினரால் தெரிவானார். முதல்வரை மக்கள் நேரே தெரியாத முறையில் முதல்வர் வேட்பாளர் என ஒருவர் இல்லை. விவாதத்துக்கு அழைக்கப்படத்தக்க ஆளும் இல்லை. விவாதமின்மையை ஊடகங்களின் குறைபாடாக மட்டும் காண்போர், தேர்தல் முறையிலேயே அதன் வேர் இருப்பதைக் கவனிப்பதில்லை. எனினும் இதனைக் கடக்க வழியுண்டு. ஒவ்வொரு கட்சியும் தன் முதல்வர் அல்லது தவிசாளர் வேட்பாளர் இவர் எனத் தேர்தலுக்கு முன் அறிவிக்குமாறு கோரலாம். வட்டார வேட்பாளரை வட்டார அளவில் விவாதிக்கச் செய்யலாம். பிந்தியதே கொட்டகலை போன்ற இடங்களுக்குப் பொருத்தமானது.

கொட்டகலையின் வாக்காளர்

இப்பகுதி வாக்காளரின் வரலாற்றை நினையாது விவாதத்தின் தேவையை முழுமையாக உணர இயலாது. 1930களின் இறுதியிற் கிராம ஆட்சி மன்றச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அம்மன்றங்களின் வாக்குரிமைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் கொட்டகலை தனியொரு தொகுதியாய் இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் கே. குமாரவேலு இங்கே வெற்றிபெற்றார். அயலிலுள்ள தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை வெற்றிபெற்றார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்காளரிற் பெரும்பாலோரை 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னரே நாடற்றவராக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பகுதியினரைக் கடலுக்கு அப்பால் அனுப்பிற்று. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் முடிவை நெருங்கியது.

இவ்வாறு மீண்ட வாக்கு உள்ளூராட்சியில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் காண்போம். பிரதேச சபைகளுக்கு 1991, 1997, 2002, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் தேர்தல்கள் நடைபெற்றன. இவ்வைந்திலும், பின் 2018 பெப்ரவரியிலும், 33ஆம் பிரிவின் தடை நீங்காமலே தோட்டமக்கள் வாக்களித்தனர். பாதை வந்தபோது அது அமைச்சரின் ஒதுக்கீடாகவோ பாராளுமன்ற உறுப்பினரின் நன்கொடையாகவோ வந்தது. உரிமையாக வரவேண்டியது உதவியாக வந்தமையால், பெற்றவர் நன்றிக்கடன்பட்டவராயினர்; கேள்வி கேட்பவராகவில்லை. 2018இல் எழுந்த சபையின் பதவிக்காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9ஆம் நாள் நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லை என்னும் காரணங்காட்டி நடத்தப்படவில்லை. அது அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. புதிதாகப் பெற்ற அதிகாரத்தைப் பயன்படுத்தவேண்டிய காலத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கு தெரிவான உறுப்பினரே இருக்கவில்லை.

இப்பின்னணியிற் கொட்டகலை வேட்பாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் தாமே வரிசைப்படுகின்றன. நாட்சம்பளம் பிரதேச சபையின் பொருளன்று. 2021இல் 1,000 ரூபா சம்பளம் சம்பளச் சபையின் வழியாகவே விதிக்கப்பட்டது. காணியுரிமையும் சபையின் கையில் இல்லை. தோட்டக் காணி அரசினுடையது, அதனைக் குத்தகைக்குக் கொண்டிருப்பவை கம்பனிகள். ஆயின் உள்வீதி, தெருவிளக்கு, குப்பை அகற்றல், பொதுக்கிணறு, சந்தை, மயானம், நூலகம், முன்பள்ளி ஆகியன சபையின் பணிகளுள் அடங்குவன. சம்பளத்தையும் வீட்டையும் வாக்குறுதியளித்துச் சபைக்குச் செல்பவர், ஐந்து திங்களில் அணைந்துபோன தெருவிளக்குக்குப் பொறுப்புச் சொல்லாமல் தப்பிவிடுகிறார். பெரிய வாக்குறுதி சிறிய கடமையை மறைக்கும் திரையாகிறது. அத்திரையை விலக்குவதே விவாத நடுவரின் முதற்கடன். “இது எந்தச் சட்டத்தின்படி? எந்த வருமானத்திலிருந்து? தோட்ட நிருவாகம் மறுத்தால் என்ன செய்வீர்கள்?” என்னும் மூன்று கேள்விகளே போதுமானவை.

மறுப்புகள்

இதற்கு எதிராகச் சில கருத்துகள் கூறப்படலாம். தொலைக்காட்சி விவாதம் முதலாளித்துவ ஊடகத்தின் காட்சிப் பண்டம் என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமலில்லை. விளம்பர இடைவேளைகளுக்கிடையே அரைநிமிட விடை கேட்கும் நிகழ்ச்சியில், வர்க்கநிலையை விளக்க இடமில்லை. சுருக்கமாகக் குத்திப் பேசுபவர் வெல்வார். ஆனால் மாற்றாக எம்மிடம் உள்ளது யாது? ஒலிபெருக்கி பூட்டிய ஒரே கட்சி மேடை. தலைவரின் வருகைக்கான மாலை. தேர்தலுக்கு முந்திய இரவின் பண்டப் பரிமாற்றம். இவற்றோடு ஒப்புநோக்கின், எதிர்த்தரப்பின் மறுப்பைக் கேட்கச் செய்யும் எவ்வடிவமும் ஒரு படி முன்னேற்றமே. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் செலவுக்கு எல்லை விதித்துள்ள நிலையில், பணமற்ற வேட்பாளருக்கு விவாத அரங்கு மேலும் இன்றியமையாததாகிறது.

விவாதம் கற்றோருக்கும் நாவன்மை உடையோருக்குமே வாய்ப்பளிக்கும் என்பது இரண்டாவது. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு நூற்றுக்கு 25 பங்கு ஒதுக்கப்பட்ட பின், கொழுந்து பறிக்கும் பெண்களும் வேட்பாளராக வருகின்றனர். மேடைப் பழக்கமற்ற அவர்களைப் பல்லாண்டு பேசிப் பழகிய தொழிற்சங்கத் தலைவரோடு எதிர்நிறுத்துவது நேர்மையாகுமா என வினவலாம். எமது விடை, விவாதத்தின் பொருளைப் பொறுத்தது என்பதே. ‘நாட்டின் எதிர்காலம்’ என்பது பொருளாயின் நாவன்மையே வெல்லும். ‘மேற்பிரிவு லயத்துக்கு நீர் எவ்வழி வருகிறது, எத்தனை மாதம் வற்றுகிறது’ என்பது பொருளாயின், குடத்தோடு நின்றவளே அறிஞர். பொருள் எவ்வளவு உள்ளூர்த்தன்மை பெறுகிறதோ அவ்வளவு சமநிலையும் கூடும்.

நேரமும் மொழியும் மூன்றாவது. மலையிலிருந்து திரும்பிக் கொழுந்து நிறுத்து, வீட்டுவேலை முடித்த பின்னரே தோட்டப் பெண் அமர்கிறாள். அவள் அமரும் வேளையில், அவள் பேசும் தமிழில் நடவாத விவாதம் அவளுக்காக நடந்ததாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிவுகள் வருமாறு. தொலைக்காட்சி விவாதம் தன்னளவில் மக்களாட்சியைத் தராது. பதவிக்குரியவர் மக்கள் முன் பெயர் சுட்டி நிற்கும்போதும், வராமலிருக்க முடியாத விதி உள்ளபோதும், கேள்வி கட்சிகளின் கைக்கு அப்பால் உருவாகும்போதுமே அது பயன்தரும். இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு இம்மூன்றும் சட்டத்தால் உறுதிசெய்யப்படவில்லை. அரச ஊடகத்தின் நேரம் பொதுமக்கள் சொத்து. அதனைத் தனியுரைக்கு ஒதுக்குவதை விடுத்து வட்டார, சபை மட்டத்து விவாதங்களுக்கு ஒதுக்குமாறு கோருவது நியாயமானது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெரிய நிலையத்தின் கமெரா கொட்டகலைக்கு வராவிடினும், பாடசாலை மண்டபமொன்றில் வட்டார வேட்பாளரை ஒருங்கிருத்தி, கைத்தொலைபேசியாற் பதிவுசெய்து, லயந்தோறும் காணச்செய்தல் இன்று இயலும். கேள்விகளைத் தோட்டப் பெண்களிடமிருந்தே திரட்டலாம். சட்டத்தையும் சபையின் வரவுசெலவையும் எளிய தமிழிற் சுருக்கி நடுவரிடம் அளிக்கும் பணியைப் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளலாம்; பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மாணவரும் இதில் இணையலாம். ஓராண்டின் பின் அப்பதிவை அதே மண்டபத்தில் மீண்டும் ஓட்டிக் காட்டி, தெரிவானவரை அழைத்து, கூறியதையும் செய்ததையும் ஒப்புநோக்குதல் இதன் இன்றியமையாத பிற்பகுதியாகும்.

1947இல் வாக்களித்து, பின் அவ்வாக்கை இழந்த பாட்டனாரின் பேரர்கள் இன்று வாக்காளர். பெற்ற வாக்கை எதற்கு அளிக்கிறோம் என அறிந்து அளிக்கும் நிலை அவர்களுக்கு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் கொட்டகலையின் ஒரு வட்டாரத்திலேனும் இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டு, அதன் விளைவுகள் முறையாகப் பதிவுசெய்யப்படுமாயின், அது மலையக அரசியல் ஆய்வுக்கும் வாக்காளருக்கும் ஒருங்கே பயன்தரும்.